ஒலிபெருக்கி அனுமதிக்காக மாமாவைச் சாகடித்த விவரம்

மஞ்சக்குப்பம், கடலூர்
புதன்கிழமை, பகல் இரண்டு மணி

பெருமதிப்பிற்குரிய மாமா தில்லைநாதன் அவர்களுக்கு, மருமகன் எழிலன் இரு கை கூப்பி எழுதுவது. தாங்கள் திடகாத்திரமாக இருப்பதை, சிதம்பரம் காவல் நிலையத்தில் தாங்கள் எழுதிக் கொடுத்த நான்கு பக்கப் புகாரின் மூலம் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே தங்கள் மகள் காயத்ரி சுகம். நான் சுகமில்லை.

காலையிலிருந்து பதினோரு முறை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். ஆகவே சிதம்பரம் பஸ் கண்டக்டர் உத்திராபதி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதற்கு முன் தயவுசெய்து படிக்க வேண்டும். நாளை மாலை நான்கு மணிக்குள் தாங்கள் இங்கே நேரில் வந்து, நான் தங்களைக் கொல்லப் போவதாகத் தாங்கள் புகாரில் சொன்னது தவறு என்று காவல் ஆய்வாளரிடம் ஒரு வரி எழுதிக் கொடுக்காவிட்டால், என் மேல் கொலை மிரட்டல் வழக்கு போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது மாமா. மறைப்பானேன்.

நடந்தது இதுதான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு சினிமாக் கம்பெனி வெள்ளிக்கிழமை ஷூட்டிங் நடத்துகிறது. ஒரு பெரியவரின் சாவு ஊர்வலம், மேளம், வேட்டு, நாலு ஹாரன் ஸ்பீக்கரில் ஒப்பாரி. ஷூட்டிங் அனுமதியை அவர்களே வாங்கிவிட்டார்கள். சத்தத்துக்கான அனுமதியை மட்டும் உள்ளூர் ஆள் ஒருவர் வாங்கித் தர வேண்டும் என்று உதவி இயக்குநர் கதிர்வேல் என்னிடம் வந்தார். இருபது வருஷமாக மைக்செட் போடுகிறவன், எத்தனை திருவிழாவுக்கு, எத்தனை காதுகுத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன், இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை காவல்துறை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால், அந்தப் படிவத்தில் கோயில் திருவிழா இருக்கிறது, திருமணம் இருக்கிறது, பொதுக்கூட்டம் இருக்கிறது, இறுதி ஊர்வலம் இருக்கிறது, சினிமா இல்லை. அங்கே படிவம் வாங்குகிற சத்யப்பிரியா மேடத்திடம் எதில் டிக் அடிப்பது என்று கேட்கலாம் என்றால் அவர் சாப்பிடப் போயிருந்தார். எடுக்கப்போவது சாவு ஊர்வலம்தானே என்று நானே இறுதி ஊர்வலத்தில் டிக் அடித்துவிட்டேன். அந்த டிக்கில் ஆரம்பித்தது மாமா என் கஷ்டம்.

அடுத்த கட்டத்தில் இறந்தவர் பெயர் என்று கேட்டிருந்தது. கதிர்வேலுக்குப் போன் போட்டேன். கதையில் அவருக்குப் பெயரே கிடையாது, வெறும் பெரியவர்தான், கௌரவமான பழைய பெயராக ஏதாவது போடுங்கள் என்றார். கௌரவம் என்றதும் எனக்குத் தங்கள் பெயர்தான் ஞாபகம் வந்தது. இதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அதற்கடுத்து இறந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு என்று இருந்தது. தங்கள் பெயரை எழுதிய கை, மாமனார் என்று தானாகவே எழுதிவிட்டது. முகவரியையும் கதவு எண்ணோடு எழுதியது. ஒரு பொய்யை எழுதிய பிறகு கை அத்தனையும் உண்மையாகவே எழுதுகிறது மாமா, நான் என்ன செய்ய.

சத்யப்பிரியா மேடம் சாப்பிட்டு வந்து படிவத்தைப் பார்த்து, இறப்புச் சான்று எங்கே என்றார். அதற்கு நாளாகும் என்று சொல்லிவைத்தேன். அப்படியானால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று கொண்டுவாருங்கள், வைத்துக்கொள்கிறேன் என்றார். நேராக அச்சகம் பூவராகனிடம் ஓடினேன். தங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்தானே மைக்செட், அந்தப் படம் போனில் இருந்தது. கழுத்தில் ஏற்கெனவே மாலை இருந்ததால் பூவராகனுக்கும் வேலை மிச்சம். தோற்றம் என்ற இடத்தில் தங்கள் பிறந்த தேதி. மறைவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். ஷூட்டிங் தேதிதானே விண்ணப்பத்திலும் இருக்கிறது என்று நான் வருகிற வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிட்டேன். கீழே மறக்காமல், ஆழ்ந்த துயரத்துடன் மகள், மருமகன் என்று என் கடைப் பெயரும் போன் நம்பரும் போட்டார். ஒரே ஒரு போஸ்டர் போதும் என்றுதான் சொன்னேன். ஐம்பதுக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றார். சரி, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்து, ஒன்றை மட்டும் மேடத்திடம் கொடுத்து, அவர் தேதியைக் கவனிக்காததால் அனுமதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரோ பெரிய சாவு, சொந்த ஊரில் ஒட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று நாற்பத்தொன்பதையும் சிதம்பரத்துக்கு அனுப்பி, அதுவும் தங்கள் வீட்டெதிர்ச் சுவரிலிருந்தே ஆரம்பித்து ஒட்டவைத்திருக்கிறார்.

இன்று காலை பால் வாங்க வந்த இடத்தில், வெள்ளிக்கிழமை தாங்கள் இறக்கப்போவதாகத் தாங்களே படிக்க நேர்ந்துவிட்டது. அத்தை மயங்கி விழுந்ததாகவும் கேள்விப்பட்டேன். தங்கள் கோபம் நியாயம். ஆனால் புகாரில், சொத்துக்காக மருமகன் நாள் குறித்துவிட்டான் என்று தாங்கள் எழுதியிருப்பது கொஞ்சம் ஜாஸ்தி மாமா. அந்தப் புகார் போஸ்டரில் இருந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு மதியத்துக்குள் எங்கள் ஊர் ஆய்வாளர் மேசைக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் நான் வாங்கிய அனுமதி, மறுபக்கம் தங்கள் புகார், நடுவில் போஸ்டர். மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"மாமனாரு செத்துட்டாருன்னு பர்மிஷன் வாங்கியிருக்க. அவரு உயிரோட இருக்கேன்னு எழுதியிருக்காரு. வெள்ளிக்கிழமை என்னய்யா பண்ணப் போற?"

ஷூட்டிங் சார் என்றேன். அவர் தமிழ் சினிமா நிறையப் பார்ப்பவர் போலிருக்கிறது, அந்த வார்த்தையைத் துப்பாக்கிச் சூடு என்றே எடுத்துக்கொண்டார். அதை விளக்கி முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. கடையில் இருக்கிற ஆம்ப்ளிஃபையரைக்கூட எடுத்துவரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் காயத்ரி யாரோ போனில் அனுப்பிய போஸ்டர் படத்தைப் பார்த்து அழுகிறாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். "பொய்யின்னு தெரியுதுங்க, ஆனா எங்கப்பா மூஞ்சிக்குக் கீழ அந்தத் தேதிய பாக்க முடியல" என்றாள். அப்போதுதான் மாமா எனக்கு உறைத்தது, நான் ஒரு கட்டத்தை நிரப்பவில்லை, தங்கள் சாவைத்தான் எழுதியிருக்கிறேன் என்று. மனதார மன்னிப்புக் கேட்கிறேன். நாளை நான்கு மணியை மறக்க வேண்டாம். ஆதார் அட்டையும் கொண்டுவரவும், தாங்கள்தான் தாங்கள் என்று காட்ட வேண்டியிருக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் நூறு வயதைத் தாண்டி வாழ வேண்டும், குறிப்பாக வருகிற வெள்ளிக்கிழமையைத் தாண்டி.

தங்கள் அன்புக்கு இன்னும் ஏங்கும் மருமகன்,
எழிலன்

பின்குறிப்பு: பஸ் கிளம்பக் கால் மணி இருக்கிறது, அவசரமாக எழுதுகிறேன். நாளை வர வேண்டாம். ஊர்வலத்தைச் சத்தமே இல்லாமல் எடுக்க இயக்குநர் முடிவு செய்துவிட்டாராம், மேளமும் ஒப்பாரியும் பிறகு சென்னையில் சேர்த்துக்கொள்வார்களாம். அனுமதியே தேவைப்படவில்லை. ஆம்ப்ளிஃபையரோடு நான் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனபோது இயக்குநரே அங்கு வந்து விளக்கிச் சொன்னதில் ஆய்வாளர் என்னைத் திட்டி அனுப்பிவிட்டார், வழக்கு இல்லை. ஆனால் மேசையில் கிடந்த போஸ்டரை இயக்குநர் பார்த்துவிட்டார். பாடையில் படுக்க வேண்டிய நடிகருக்கு இருமல் நிற்கவில்லையாம், இந்த முகம்தான் வேண்டும் என்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டியில் வந்துவிடவும். மகளாக அழ காயத்ரியையே கேட்டிருக்கிறார்கள், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே புடவை தேடுகிறாள். காட்சி முடியும்வரை தாங்கள் வாய் திறக்கக் கூடாது, அதற்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பாடையை இறக்கியதும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், மெதுவாகத் திட்டவும், ஒலிபெருக்கி அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.