முகம் பார்க்கும் வைத்தியம்

"இஞ்சாரும், கொஞ்சம் விளக்குப் பக்கம் திரும்பும். சிவக்குதோ இல்லையோ தெரியேல்லை."

யோகமலர் ஆசையோடு திரும்பினாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் குமாரசிங்கம் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கொஸ்லந்தவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் அவர். கந்தோர் வேலை விட்டால் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் வீட்டில் சீட்டாட்டம். பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில். அவளுக்குப் பேச்சுத்துணை மழை ஒன்றுதான்.

எல்லாம் பண்டாரவளை டொக்டர் செய்த புண்ணியம். நாற்பத்தேழு வயதில் அவள் திடீர்ச் சூடு, வேர்வை, படபடப்பு என்று போனபோது அவர் சொன்னார்: "ரத்தக்குறைவும் இப்பிடிச் செய்யும், கழுத்துச் சுரப்பியும் செய்யும், மாதவிலக்கு நிக்கிற வயசும் செய்யும். மூண்டும் ஒண்டாயும் வரும். ஒவ்வொரு மருந்தாய்க் குடுத்துத்தான் பிரிச்சறியவேணும். கிளாக்கர், முகம் எப்ப சிவக்குது எண்டு நீங்கள்தான் பக்கத்தில இருந்து பார்த்துச் சொல்லவேணும்."

சீட்டு நின்றது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர் மெல்லப் பேசவும் தொடங்கினார். சுகமாகிவிட்டால் இந்த மனுஷன் எழும்பிப் போய்விடுவாரே! யோகமலருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மருந்து குடிப்பதாகக் குசினிக்குள் போவாள். கறுப்பான இரும்பு மருந்தை ஊற்றி, வீட்டு வேலைக்கு வரும் ரெங்கம்மாவிடம் நீட்டுவாள். அவளும் ஏறக்குறைய அதே வயது, விதவை.

"பின்பக்கம் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்து. ஒருத்தருக்கும் சொல்லாதை."

"சரிங்கம்மா."

குணமில்லை என்றதும் டொக்டர் அளவைக் கூட்டினார். பிறகு சுரப்பிக்கென்று இன்னொரு போத்தல், கசப்பு மருந்து; அதுவும் ரெங்கம்மா கைக்கே போனது. அதற்கும் நோய் அசையவில்லை. மூன்றாம் முறை தலையைச் சொறிந்தார்.

"மலைக் குளிர் ஒத்துவரேல்லைப் போல. ஆறு மாசம் யாழ்ப்பாணத்தில தாய் வீட்டில இருக்கட்டும்."

குமாரசிங்கம் அன்றே டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

"ஐயோ, எனக்குச் சுகம்!" யோகமலர் பதறினாள். "துப்பரவாய்ச் சுகம்!"

"மெய்யே?"

"ஓம்."

"அப்பாடா!" பெட்டியை ஏற்றிவைத்துவிட்டு, டோர்ச் லைட்டோடு சீட்டாடப் போய்விட்டார்.

நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கழுத்திலிருந்து மறுபடியும் அந்தச் சூடு ஏறியது. சிவந்ததா என்று சொல்ல ஆளில்லை. யோகமலர் அழுதாள்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த ரெங்கம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, கசந்த மருந்தைத்தான் கொட்டினேன், அந்தக் கறுப்பு மருந்தை நானே குடிச்சுட்டேன், எனக்கும் இதே படபடப்புதாங்க, அதுல நின்னுருச்சு, ஆனா எம் மூஞ்சி செவந்துச்சான்னு பாக்க மட்டும் யாரும் வரலீங்க."