ஓடாத காருக்குக் கியாரண்டி

தல்லாகுளம் வக்கீல் சிவசங்கரன் தம் வாழ்நாளில் எடுத்த தீர்மானங்களிலேயே உறுதியானது, தம் காருக்கு இரண்டாம் வருஷத்துக்குக் காசு கட்டிக் கியாரண்டி எடுப்பதில்லை என்பதுதான்.

வாங்கி ஒரு வருஷத்தில் அந்தக் கார் தெருவைப் பார்த்தது பதினோரு தடவை. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் தள்ளி, மழையும் புழுதியும் இல்லாத நாளாகப் பார்த்தே எடுப்பார். கோர்ட்டுக்கு நடைதான். மற்ற நாளெல்லாம் கார் கொட்டகைக்குள், மனைவி ஜகதாம்பாளின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கும்.

"ஓடுற வண்டிதான் கெடும். ஓடாத வண்டி எப்படிக் கெடும்?" என்றார், மறுநாள் கோர்ட்டில் கொடுக்கவேண்டிய மனுக்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டபடி.

"போன ஐப்பசியில பரண்ல போட்ட குடை, எடுத்து விரிச்சதும் இத்துப் போயிருந்துச்சே. அதை யாரு பிடிச்சுக்கிட்டு அலைஞ்சா?" என்றாள் ஜகதாம்பாள், ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தபடி.

"அது துணி. இது இரும்பு!"

"இரும்புக்குள்ள ரப்பர் இருக்காமே. பாட்டரி இருக்காமே. சும்மா கிடந்தாலும் வயசாகுமாம்ல. இந்தாங்க, இதுலயும் ஒண்ணு போடுங்க."

போட்டார். பேச்சு நிற்கவில்லை. "கியாரண்டிங்கிறது பயந்தவன் கட்டுற தாயத்து ஜகதா!" என்று முடித்தார். அவள் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கேஸே ஜெயித்துவிட்ட பூரிப்பில் அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

வைகாசியில் சோழவந்தானில் தங்கை மகள் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் தம் காரில்தான் என்று சம்பந்தி வீட்டாரிடம் மார்தட்டியிருந்தார். அன்று காலை நல்ல நேரம் பார்த்துச் சேலையை விலக்கி, ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியை முன்னால் செருகிச் சுழற்றினார். கார் ஒரு தடவை இருமியது. அப்புறம் அதுவும் இல்லை. அடியில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

"ஜகதா! மானம் போச்சு! மாப்பிள்ளையை மாட்டு வண்டியிலயா ஏத்துறது?"

"குளிச்சிட்டு வாங்க. கார் கம்பெனிக்கு ஆள் அனுப்பியாச்சு."

மெக்கானிக் மருது வந்தான். வெடித்திருந்த ரப்பர் குழாயை மாற்றினான். செத்த பாட்டரியை எடுத்துப் புதுசு வைத்தான். கார் உறுமியது.

"எம்புட்டுப்பா ஆச்சு?"

"ஒண்ணும் வேணாங்கய்யா. கியாரண்டி இருக்குல்ல."

"நான் எடுக்கவே இல்லையே!" என்றார், வக்கீலாக இருந்தும் உண்மையாக.

மருது தாளை நீட்டினான். அடியில் அவருடைய கையெழுத்து. யாராலும் போட முடியாத அந்தச் சுருட்டை வாலோடு.

"இதை எப்ப போட்டேன்?"

"கியாரண்டியே கூடாதுன்னு பேசிக்கிட்டிருந்தீங்களே, அப்பத்தான்" என்றாள் ஜகதாம்பாள்.

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று தினமும் கட்சிக்காரர்களை விரட்டுகிறவர், மருதுவைப் பார்த்தார். மருது அவசரமாக என்ஜினைப் பார்த்தான்.

ஜகதாம்பாள் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். பையிலிருந்து இன்னொரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"இது அடுத்த வருஷத்துக்கு. ம், பேச ஆரம்பிங்க."