சம்பந்தி ஆகப்போகிறவருக்குக் கை கொடுத்த விவரம்

திண்டுக்கல்
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு

பிரியமுள்ள தங்கச்சி உம்மு சல்மாவுக்கு அண்ணன் பக்ருதீன் ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் பாஸிலாவும் சுகம். கோலாலம்பூரில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று பாஸிலா காட்டிக்கொடுத்துவிட்டாள். இது வேகமாகக் கேட்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் பேப்பரில் எழுதி, நானே போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாஸிலாவுக்குச் சம்பந்தம் முடிந்துவிட்டது! உடனே டிக்கெட் போடு. முடிந்தது கூடப் பெரிதில்லை சல்மா, முடித்தது யார் என்று கேள். நான்! உன் அண்ணன்! நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளுமே, அதே ஆள்!

இதற்கு முன்னால் இரண்டு வீட்டார் வந்து, சமோசா தின்று, இஞ்சி டீ குடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான் என்று உனக்குத் தெரியும். பிள்ளை எம்.எஸ்ஸி. படித்ததுதான் அவர்களுக்கு ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பாஸிலா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அத்தா, அவுக என்னயப் பாத்துட்டுப் போகல. உங்களப் பாத்துட்டுத்தான் போனாக" என்றாள். கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேனாம். என் மேல் அடித்த தோல் வாடைக்கு இரண்டாவதாக வந்த மாப்பிள்ளையின் அம்மா கடைசி வரை முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லையாம். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷமாக உப்புப் போட்ட ஆட்டுத் தோலுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வாடையும் எனக்குத் தெரிந்ததில்லை என்று கத்தினேன். உங்களுக்குத் தெரியாதுதான், அதுதான் பிரச்சினையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரி என் சட்டையை நானே மோந்து பார்த்தேன். உன் மதினி இருந்தவரை எப்படித்தான் என்னோடு காலம் தள்ளினாளோ, பாவம்.

தோல் மண்டியில் நான் பேசவே தேவையில்லை என்பதும் உனக்குத் தெரியும். அங்கே வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடித்து அமுக்குகிறோமோ அதுதான் விலை. ஒத்துக்கொண்டால் உள்ளங்கையை முழுசாக அமுக்க வேண்டும், அவ்வளவுதான், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் என் கை ராஜா. துண்டை எடுத்துவிட்டால் நான் ஊமை.

ஆகவே பாஸிலாவே என்னை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி மாடியில் 'தன்னம்பிக்கையும் தோற்றப் பொலிவும்' என்று போர்டு. நடத்துவது ஆல்வின் என்ற பையன். மீசை இப்போதுதான் முளைக்கிறது, ஆனால் பேச்சு மழை மாதிரி கொட்டுகிறது. கூடப் படிப்பவர்கள் எல்லாம் இன்டர்வியூவுக்குப் போகிற சின்னஞ்சிறுசுகள். முதல் நாளே ஆல்வின் என்னைப் பேசவிட்டு வீடியோ எடுத்துப் பெரிய டிவியில் போட்டான். வயிற்றைச் சொறிந்துகொண்டு ஒரு ஆள் தரையோடு பேசிக்கொண்டிருந்தான். யாருப்பா இது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான்தானாம்!

அதிலிருந்து பிடித்தேன் சல்மா. தாடியை ஒழுங்கு பண்ணினேன். மண்டிக்குத் தனி உடுப்பு, தனிச் செருப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளியல். அத்தரைக் கொஞ்சம் தாராளமாகப் பூசிக்கொண்டு பஸ் ஏறினால், மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நான் மட்டும். வாடைக்கு மேலே வாடை போடக்கூடாது என்று ஆல்வின் அதையும் பிடுங்கிக்கொண்டான். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றான். வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் கண்ணையே விடாமல் பார்த்தேன், மனுசன் மிரண்டுபோய் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்துவிட்டார். கடைசியாகக் கை கொடுப்பது. அழுத்தமாகப் பிடித்து, சிரித்து, சட்டென்று விட்டுவிட வேண்டும். எனக்குத்தான் விட வரவில்லை. எதுக்கு சார் விரல் விரலா நசுக்குறீங்க என்று ஆல்வின் கையை உதறினான். பழக்கம் தம்பி என்றேன்.

இன்று காலை வந்தார்கள். மாப்பிள்ளை ரிஃபாத்துக்கு வத்தலக்குண்டில் பேங்க் வேலை. அத்தா இஷாக் ராவுத்தர், ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. தரகர் சொன்னது அவ்வளவுதான். நான் வாசலுக்கே போய், நெஞ்சை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, "வாங்க, நான்தான் பக்ருதீன்" என்று தெளிவாகச் சொன்னேன். ஜன்னலில் பாஸிலா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். கையை நீட்டினேன். அவரும் நீட்டினார். என் விரல் பாட்டுக்கு அவர் விரலைப் பிடித்து அமுக்கிவிட்டது! போச்சுடா, குடியைக் கெடுத்தோம் என்று நினைக்கும்போதே, அல்லாஹ்வே, அவர் விரல் திருப்பி அமுக்கியது! நம்ம ஆள்! நான் இறக்கினேன், அவர் ஏற்றினார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. சுள்ளென்ற காலை வெயிலில் இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றோம். இவுக எப்ப உள்ள வருவாக என்று ஒரு பெண் குரல் கேட்டது. கடைசியில் அவர் என் உள்ளங்கையை முழுசாக அமுக்கி, "முடிஞ்சுதுங்க" என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் எனக்கென்ன கவலை? அவர்கள் கிளம்புகிற வரை நான்தான் பேசினேன். தண்ணீர்ப் பஞ்சம், பழனி ரோடு, கொய்யாவில் விழுகிற புழு, ஒன்றையும் விடவில்லை. பிள்ளைகள் இருவரும் ஹாலில் உட்கார்ந்து என்னவோ பேசினார்கள். இஷாக் ராவுத்தர் போகும்போது நாளைக்கு மண்டிக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தேதி குறிக்கத்தான்.

மச்சானுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆவும் முத்தங்களும். உன் குடும்பத்துக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வரும்போது எனக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கி வா.

இப்படிக்கு,
இப்போது யாருக்கும் பயப்படாத
அண்ணன் பக்ருதீன்

பின்குறிப்பு: திங்கள் மத்தியானம். நல்லவேளை, இதை இன்னும் அனுப்பவில்லை. டிக்கெட் போடாதே. இஷாக் ராவுத்தர் வந்தார், வேன் நிறைய ஆட்டுத் தோலோடு. ஒட்டன்சத்திரம், பழனி கறிக்கடைகளில் தோல் வாங்கிச் சேர்த்து விற்பதும் அவருக்குத் தொழிலாம். நேற்று நான் விலை பேசி முடித்த சரக்காம். அப்போ பொண்ணு விஷயம் என்று கேட்டேன். "அதப் பேசத்தானுங்க நேத்து வந்தேன். நீங்க வாசல்லயே யாவாரத்த ஆரம்பிச்சுட்டீங்க" என்றார். கையை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "கை வேண்டாமுங்க. வாயால சொல்லுங்க" என்றார். அழுக்குக் கைலி, கையெல்லாம் உப்பு, ஆல்வின் சொன்ன ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "எம் மக நல்ல பிள்ளைங்க. அவ போயிட்டா எனக்கு வீட்ல பேச ஆள் இல்ல. இருந்தாலும் அவ நல்லா வாழணும்" என்றேன். அவர் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு, புள்ளைக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

சல்மா, நான் கேட்கவே இல்லை. வகுப்பு, வீடியோ, எலுமிச்சம்பழம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளிடம் அந்த ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அப்படியே உப்புக் கையோடு வீட்டுக்கு ஓடிப் போய்க் கேட்டேன். "இப்பயாச்சும் கேட்டீகளே அத்தா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிஃபாத் நன்றாகத்தான் பேசினாராம், ஆனால் யோசிக்க வேண்டுமாம். எத்தனை நாள் என்றால், அதையும் யோசித்துத்தான் சொல்வாளாம். ஆகவே நீ டிக்கெட்டைப் போட்டுவிடு. கேன்சல் பண்ணினால் பணம் திரும்ப வருகிற மாதிரி பார்த்துப் போடு.