மாமனாரின் நசுங்கல்

வாங்கி ஒன்பது நாளே ஆன மோட்டார் சைக்கிளின் டேங்கை எந்த இடத்தில் அடித்து நசுக்குவது என்று பல்செட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் போன். வீட்டின் பின்புறக் கொட்டகையில் நின்றபடி மாமனாரைக் கூப்பிட்டார்.

"மாமா, சும்மாதான் கேக்கறேன். உங்க வண்டில அந்த நசுங்கல் இருக்கே..."

"என் நசுங்கலா? அதுக்கென்ன? எடுத்துட்டீங்களா?" மாமனாரின் குரல் ஏறியது.

"ஐயோ, தொடவே இல்ல மாமா. பாத்துட்டேதான் நிக்கிறேன். அது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

"மலைப்பாதை மாப்ள. கொண்டை ஊசி வளைவு. எதிர்ல லாரி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வேற ஒருத்தனா இருந்தா பள்ளம்தான். நான் பாறைல சாய்ச்சேன்."

"பாறை எந்தப் பக்கம் மாமா?"

"இடது."

போனில் பின்னால் யாரோ இருமினார்கள். மாமியார். மாமனார் வண்டிக் கதை சொல்லும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்துவிடும்.

"எவ்வளவு பெருசு மாமா?"

"பாத்துட்டே நிக்கிறேன்னீங்க?"

"இல்ல, அப்ப எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு. இத்தன வருஷத்துல கொஞ்சம் வளந்திருக்கும்ல?"

"எலுமிச்சம்பழம் அளவு" என்றார் மாமனார்.

பல்செட்டுக்காரர் போனை வைத்தார். டேங்கில் தன் முகம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் ஓர் அடி அடித்தார். திறந்து பார்த்தபோது எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் அதில் தெரிந்த முகத்துக்குப் பத்து வயது கூடியிருந்தது.

பதினோரு வருடமாக அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனவர். அடுத்தவர் அக்குளுக்குக் கீழே நின்றுகொண்டு போவார், நின்றுகொண்டு வருவார். வேலை, பொய்ப்பல் செய்வது. நாள் முழுக்கப் பிறர் சிரிப்பதற்குப் பல் செய்துவிட்டுத் தான் சிரிக்காமல் வீடு திரும்புவார். ஒருநாள் பஸ் ஜன்னல் வழியாகக் கடைக் கண்ணாடிக்குள் அந்த வண்டியைப் பார்த்தார். வட்ட முகப்பு விளக்கு, கண்ணீர்த் துளி போல டேங்க், தட்டையான நீளச் சீட்டு. நிறுத்தம் வருவதற்குள் இறங்கிவிட்டார்.

"பழைய மாதிரி புது வண்டி சார்" என்றார் விற்பனையாளர். "பாக்கத் தாத்தா, ஓட்டப் பேரன். பந்தயத்துக்கெல்லாம் இல்ல. சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டுச் சிரிச்சுட்டே திரும்பி வர்றதுக்கு."

ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் அழகாக ஊன்றியது. பக்கக் கண்ணாடியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது தான்தான் என்று உறைக்க நேரமாயிற்று.

வீட்டில் மனைவியிடம் பேச்சை எடுத்தார். மனைவிக்கு நூலகத்தில் வேலை. சத்தம் போடாமலே ஆளை அடக்கத் தெரிந்தவர்.

"அப்பா வண்டி பின்னாடி நிக்குதுல்ல? அத ரிப்பேர் பண்ணி ஓட்டுங்க. அது இருக்கப் புதுசு எதுக்கு?"

அப்பா வண்டி, கல்யாணத்தோடு வந்து சேர்ந்து பதினோரு வருடமாக இவர்கள் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நின்றது. அதற்கும் வெகுகாலம் முன்பு, மனைவி பிறந்த வருடமே ஓட்டம் நின்றதாம். 'குடும்பம்னு ஆயிடுச்சு, சாகசத்த விட்டுட்டேன்' என்பார் மாமனார். பெற்ற மகளைக்கூட அந்தப் பாயைத் தூக்கிப் பார்க்க விட்டதில்லை. மருமகன் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டதே இல்லை.

ரிப்பேருக்கு மாமனார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "துருவ எடுங்க, இன்ஜினப் பாருங்க, பெயின்ட் அடிங்க. என் தழும்புல மட்டும் கை வைக்காதீங்க. அதெல்லாம் வாழ்க்கை மாப்ள."

"கண்டிப்பா மாமா" என்றார் பல்செட்டுக்காரர். மறுநாள் மனைவி நூலகம் போனதும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டார்.

"பாயத் தூக்கிப் பாக்கட்டுமா சார்?"

"பாயோட எடுத்துட்டுப் போ."

மூன்று வாரம் வண்டி 'மெக்கானிக்கிடம்' இருந்தது. பிறகு புது வண்டி பளபளவென்று வாசலில் வந்து நின்றது.

"அடேயப்பா! இது அப்பா வண்டியா?" மனைவி வாயில் கை வைத்தார்.

"பழைய மாதிரி இருக்குல்ல?"

"பழைய மாதிரியேதான் இருக்கு!"

பல்செட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. தமிழில் 'மாதிரி' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் கல்யாணம் ஆனவராகத்தான் இருக்க வேண்டும்.

எட்டு நாள் சொர்க்கம். காலையில் கால்மணி நேரம் முன்பே கிளம்பி, தேவையே இல்லாத தெருக்களில் எல்லாம் சுற்றிவிட்டு வேலைக்குப் போனார். ஒன்பதாம் நாள் மனைவி போட்டோ எடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. 'அழகு. என் நசுங்கல் எங்கே? ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன்.'

"வெளிச்சம் பட்டு போட்டோவுல தெரியல மாமா" என்று பல்செட்டுக்காரர் போனில் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் சுத்தியலைத் தேடினார். பிடிபட்டால் இந்த வண்டி திரும்பக் கடைக்குப் போய்விடும், அவர் திரும்பப் பஸ்ஸுக்குப் போய்விடுவார். வீட்டில் மிச்ச ஆயுளுக்கும் அவர் எது சொன்னாலும் மனைவி 'நெசமாவா, நெசம் மாதிரியா?' என்று கேட்பார்.

அடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"மாப்ள, யோசிச்சுப் பாத்தேன். பாறை வலது பக்கம்."

"நிச்சயமா மாமா?"

"ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

பின்னால் இருமல்.

பல்செட்டுக்காரர் வலது பக்கமும் அடித்தார். அப்புறம்தான் இடது பக்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. மறுபடி கூப்பிட்டார்.

"மாமா, இடது பக்கமும் ஒண்ணு இருக்கே?"



"அதுவா? அது... எருமை."

"எருமையா?"

"குறுக்க வந்துச்சு. ஒரு எருமைன்னா தப்பிச்சிருப்பேன். ஏழு எருமை. அப்படியே சறுக்கிப் பின்சக்கர மறைப்பு பூரா சரளைக்கல் கிழிச்சிடுச்சு. சீட்டுல கொம்பு குத்தின கிழிசல்கூட இருக்குமே, பாத்தீங்களா?"

"இருக்கு மாமா" என்றார் பல்செட்டுக்காரர் பலவீனமாக. "தெளிவா இருக்கு."

இருமல் இந்த முறை நெடுநேரம் நிற்கவில்லை.

வேலைக்கூடத்திலிருந்து பல் தேய்க்கும் சின்ன மோட்டாரைக் கொண்டுவந்தார். பொய்ப்பல் தொழிலில் ஒரு விதி உண்டு. பல் ரொம்ப வெள்ளையாக, ரொம்ப வரிசையாக இருந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் காபிக் கறை, முன்பல்லில் மயிரிழை விரிசல், ஒரு பல் லேசாகக் கோணல். அப்போதுதான் பிறவிப் பல் என்று நம்புவார்கள். இருபது வருடமாக அவர் செய்துவந்தது இதைத்தான். புதுசைப் பழசாக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமை தன் தலையிலேயே விடியும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

பின்சக்கர மறைப்பில் சரளைக்கல் கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்தார். சீட்டில் கொம்பு குத்தினார். பல்லுக்குக் கறை ஏற்றும் மருந்தை ஆணிகளில் தடவினார். அசல் துரு தோற்றுவிட்டது. பழைய வண்டியில் இருந்திருக்கவே முடியாத ஸ்டார்ட்டர் பொத்தானை மறைக்க வேறு எதுவும் கிடைக்காமல், பொய்ப்பல்லுக்கு ஈறு வைக்கும் பசையை அதன்மேல் பூசினார். கைப்பிடியில் ஒரு ரோஸ் நிற ஈறு முளைத்தது. அதை அழுத்தினால் வண்டி கிளம்பும். வேகம் காட்டும் மின்திரையின்மேல் பல்செட்டு டப்பா மூடியைக் கவிழ்த்து, எண்களும் முள்ளும் வரைந்தார். முள் நாற்பதில் நின்றது. இனி என்றைக்கும் நாற்பதில்தான் நிற்கும்.

மாலை மனைவி வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, காலைல இந்த அடி இல்லையே?"

"இருந்துச்சு. பாலிஷ் மறைச்சிருந்துச்சு."

"கிழிசல்?"

"எருமை."

"எது?"

"உங்கப்பாகிட்ட கேளு."

மனைவி வண்டியைச் சுற்றி வந்தார். நூலகத்தில் யாரோ பக்கம் கிழித்த புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் ரிப்பேர் பண்ணா வண்டி புதுசாகும். நீங்க பண்ணப் பண்ணப் பழசாயிட்டே வருதே?"

"அதுக்குப் பேருதான் வேலைத்திறம."

"இந்த ரோஸ் கலர்ல என்னது, நாக்கு மாதிரி?"

"அந்தக் காலத்து ரப்பர். இப்ப கிடைக்காது."

சனிக்கிழமை இரவு உணவின்போது மாமனார் மறுபடி அழைத்தார். "மாப்ள, வண்டி சத்தம் எப்படி இருக்கு? என் வண்டி தெரு முனைல திரும்பினா வீட்டுல பாத்திரம் உருளும்."

புது வண்டி பூனை தூங்குவதுபோல் உறுமும். அதுதான் அவருக்கு அதில் ரொம்பப் பிடித்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சைலன்சரில் மூன்று ஓட்டை போட்டார். நிறுத்தி யோசித்து, நாலாவதும் போட்டார்.

ஞாயிறு பத்து மணிக்கு மாமனார் வந்து இறங்கினார். தோல் ஜாக்கெட், கழுத்தில் தூசிக் கண்ணாடி. வந்ததோ டாக்சியில். அவருக்குப் பின்னால் மாமியார், ஒரு பையோடு, எப்போதும்போல் பேசாமல்.

மாமனார் வண்டியைப் பார்த்தார்.

மாமனார் வலது நசுங்கலில் விரலை வைத்தார். இடது நசுங்கலில் வைத்தார். கிழிசலைத் தடவினார். கண் கலங்கியது.

"அதே வண்டி" என்றார். "அப்படியே வச்சிருக்கீங்க மாப்ள. ஒரு கீறல்கூட மாறல."

"மாறுமா மாமா?"

"இந்த முள் பாத்தியாம்மா?" மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "நாற்பது. பாறைல மோதினப்ப சரியா அந்த வேகம். அன்னைக்கு நின்ன முள்ளு!"

பல்செட்டுக்காரருக்குத் தான் எமகாதகன் என்ற எண்ணம் வந்தது. ஈறை அழுத்தினார். வண்டி கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மாமனார் இரண்டடி பின்வாங்கினார்.

"ஓட்டுங்கப்பா!" என்று மகள் கைதட்டினார். "ஒரே ஒரு ரவுண்டு!"

"ஆசைதான்மா. முட்டி ஒத்துக்காது. டாக்டர் கூடாதுன்னுட்டார்."

"எந்த டாக்டர்?"

"கண் டாக்டர்."

"முட்டிக்கா?"

"எல்லாம் ஒரே நரம்புதான். உள்ள வா, காபி போடு." மாமனார் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் நடந்தார். முட்டி நன்றாகவே ஒத்துழைத்தது.

பல்செட்டுக்காரர் வண்டியை அணைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். தப்பித்தாயிற்று. நசுங்கியதானாலும், குரைத்தாலும், வண்டி இனி அவருடையது.

அப்போதுதான் மாமியார் இன்னும் உள்ளே போகவில்லை என்பதைக் கவனித்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, செயினைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரை ஒரு தட்டுத் தட்டினார். இன்ஜினுக்கு அடியில் விரலை ஓட்டி முகர்ந்தார்.

"ஒரு சொட்டு ஆயில் ஒழுகலையே" என்றார்.

"நல்ல மெக்கானிக் அத்தை."

"தார்ப்பாய் எங்க மாப்ள? அதுவும் சேத்து எடைக்குப் போட்டாச்சா?"

பல்செட்டுக்காரர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து மாமனாரின் குரல் கேட்டது. எருமை இப்போது ஒன்பதாகியிருந்தது.

"அத்தை, மாமாகிட்ட சொல்லிடாதீங்க. அவர் மனசு ஒடஞ்சிடும். அவளுக்குத் தெரிஞ்சா என் கத முடிஞ்சுது. இந்த வண்டிய விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" மாமியார் டேங்கின் நசுங்கல்களை மாறி மாறிப் பார்த்தார். "புது வண்டிய யாராவது இப்படி அடிப்பாங்களா? யார் சொல்லி அடிச்சீங்க?"

"மாமாதான் இடம் சொன்னார். பாறை, எருமை, எல்லாம் அவர் சொன்ன இடம்தான். ஒண்ணுகூட நானா அடிக்கல."

மாமியாருக்கு இருமல் வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் அது இருமல் இல்லை, சிரிப்பு என்று பல்செட்டுக்காரருக்குத் தெரிந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார், பழகின கால் தானாகப் போய் கியரில் நின்றது.

"அவ வயித்துல வர்ற வரைக்கும் அஞ்சு வருஷம் நான் ஓட்டின வண்டி மாப்ள, ஒரு கீறல் விழுந்ததில்ல, உங்க மாமா எப்பவும் பின்னாடிதான், கண்ண இறுக்கி மூடிட்டு."