ஸ்வெட்டருக்கு நோகக் கூடாது

தண்ணீர் மீட்டர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் குளிர்தான் மூத்த ஊழியர். மற்றவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும். எல்லோரும் போன பிறகும் போகாது. அதை விரட்ட ஒரு ஹீட்டர் வேண்டும் என்று ஊழியர் சங்கம் குளிர்காலம் தவறாமல் கோஷம் போட்டது. மேலிடமும் கோடை தவறாமல் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்து, "தற்சமயம் குளிர் இல்லை" என்று கண்டறிந்து முடித்துவைத்தது.

சங்கச் செயலாளருக்குக் 'கோஷம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடக் கையை உயர்த்தித்தான் சொல்வார் என்பது அவர் மனைவியின் புகார். சங்கத்தில் ரகசியச் சீட்டில் ஓட்டுப் போடுவதைக் கோழைத்தனம் என்று ஒழித்தவரும் அவர்தான். தலைக்கு மேலே உயராத கை கணக்கில் வராது. அது அவரே போட்ட விதி.

இந்த வருஷம் ஹீட்டர் அவருக்கு மானப் பிரச்சினை ஆகியிருந்தது. கீழ்த்தளத்து டைப்பிஸ்ட் அக்கா சிவந்து வீங்கிய விரல்களை அவர் முன்னால் நீட்டி, "தம்பி, இது இன்னொரு குளிரைத் தாங்காது. உங்க சங்கத்தால ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"ஹீட்டர் வரும்க்கா. வரலேன்னா ஸ்டிரைக். என் கை முதல் கை" என்றார் கோஷம்.

அந்தச் சமயத்தில்தான், கட்டடங்களைச் சூடாக்கும் முறைகளை ஆராய வெளிநாடு போயிருந்த இயக்குநர் திரும்பி வந்தார். ஆராய்ச்சியின் முடிவு அவர் உடம்பிலேயே இருந்தது. தவிட்டு நிறத்தில் ஒரு கேஷ்மியர் ஸ்வெட்டர். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"கட்டடத்தைச் சூடாக்குவது பழைய சிந்தனை. மனிதனைச் சூடாக்க வேண்டும்" என்று அறிவித்து, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார். கோஷம் அதை வெற்றி என்று முழங்கி, முதல் ஆளாகப் போட்டுக்கொண்டார். ஸ்டிரைக் பேச்சு கொஞ்சம் ஆறட்டும் என்றார்.

மறுநாள் மேனேஜர் சுற்றறிக்கையோடு கீழே இறங்கினார்.

"மேற்படி ஸ்வெட்டரானது வெள்ளாட்டின் அடிரோமத்தால் ஆனதாகையால், ஒரு நாள் உடுத்தினால் மறுநாள் ஓய்வு அளிக்கப்பட வேண்டும். இழைகள் களைப்பாறும் பொருட்டு."

"ஸ்வெட்டருக்கு லீவுன்னா ஆளுக்கும் லீவா சார்?"

"ஆள் வரணும். ஆள் என்ன கேஷ்மியரா?"

ஆணியில் மாட்டினால் தோள் தொங்கிப்போகும். ஆகவே அலமாரியில் மடித்துப் படுக்கவைக்க வேண்டும். அலமாரியிலிருந்த கோப்புகள் தரைக்கு வந்தன. முழங்கை மேஜையில் உரசினால் பந்து பந்தாக நூல் திரளும். ஆகவே எழுதுகிறவர்கள் முழங்கையை அந்தரத்தில் வைத்து எழுத வேண்டும். எழுத்து கிறுக்கலாகி, தண்ணீர்க் கட்டணம் வீடு மாறிப் போனது. துவைப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஆகவே கீழ்த்தளத்தில் ஒரு வெந்நீர் பாய்லர் பொருத்தப்பட்டது. பிழியக் கூடாது, துண்டில் சுற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியாக, வறண்ட சூட்டில் கம்பளி கெட்டுவிடும். "ஆகவே, ஸ்வெட்டர்களின் நலன் கருதி, ஹீட்டர் கோரிக்கை நிரந்தரமாக நிராகரிக்கப்படுகிறது."

"ஒரு ஆட்டு மயிருக்கு இத்தனை மரியாதையா?" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "ஓய்வு நாளு, சுடுதண்ணி, நோகாம ஒத்தி எடுக்கிறது. இதையெல்லாம்தானே தம்பி நாம நமக்குக் கேட்டோம்?"

கோஷத்துக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பிலும் மேஜையில் குத்தாமல் தொடையில் குத்திக்கொண்டார்.

ஓய்வு நாள்களில் எல்லோரும் பல் கிட்டிக்க வேலை பார்த்தார்கள். ஒரு நாள் அக்கா, ஸ்வெட்டர்கள் ஊறிய வாளிக்குள் விரல்களை விட்டுக் கண்ணை மூடி நின்றாள். மேனேஜர் பார்த்துவிட்டார். ஸ்வெட்டருக்கு ஒதுக்கிய வெந்நீரைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்த குற்றம். விசாரணை முடியும் வரை அவளுடைய ஸ்வெட்டர் பறிமுதல்.

இனிப் பொறுக்க முடியாது என்று கோஷம் பொதுக்குழுவைக் கூட்டினார். ஓய்வு நாளில் நடுங்கிக்கொண்டே கூட்டத்தில் உட்கார முடியாது என்பதால், உடுத்தும் நாளில்தான் கூட்டினார். தவிட்டு நிறத்தில் சபை நிறைந்திருந்தது. அவர் பேசப் பேசச் சிலர் கண்ணைத் துடைத்தார்கள், ஸ்வெட்டரில் படாமல்.

"தோழர்களே! அக்காவின் விரல்களுக்காக, நம் மானத்துக்காக, நாளை முதல் ஸ்டிரைக். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்!"

சபை அசையவில்லை.

"என்னய்யா, எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம்தான் அண்ணே" என்றார் மீட்டர் ரீடர். "அக்குள் தையல் இழுக்குமேன்னு பார்க்கிறோம். ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா திரும்பச் சேராதாம். வாயால சொன்னாப் போதாதா?"

"விதி இருக்குய்யா! தலைக்கு மேலே!"

பின்வரிசையில் ஒரே ஒரு கை தலைக்கு மேலே நின்றது. நைந்த பருத்திச் சட்டை, வீங்கிய விரல்கள். அக்கா கேட்டாள்: "தம்பி, உங்க கை?"

கோஷம் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். அது தோள் மட்டத்துக்கு வந்து, அங்கேயே நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினார். அக்குளில் ஏதோ ஒன்று லேசாக 'கிர்' என்றது. கை தானாக இறங்கியது.

"நாளைக்குத் தூக்கறேன்க்கா" என்றார். "நாளைக்கு இதுக்கு ஓய்வு நாள்."

அக்கா உயர்த்திய கையை இறக்கி, விரல்களைத் தன் அக்குளில் செருகிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே ஹீட்டர் அதுதான்.