நாற்பது வீட்டு மசாலா

கட்ஹிங்லஜ்,
ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா ஹௌசாபாய் மோஹிதே அவர்களின் சமூகத்துக்கு, மசாலா மில் வசந்த் சாளுங்கே கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மனைவி, சென்ற வியாழக்கிழமை தாங்கள் பையோடு அனுப்பிவைத்த தங்கள் மருமகள் ஸ்வப்னாலி, மூவரும் நலம். அங்கே மாப்பிள்ளை அமோல், இரண்டு எருமைகள் ஆகியோரின் நலம் அறிய ஆவல்.

"உங்கப்பன் விக்கிற பாக்கெட்டுல எங்க வீட்டு மசாலா வாசனை வருது. நாலு தலைமுறையா வெளிய போகாத அளவை நீதான் சொல்லியிருக்க. அந்த மனுசன் உண்மையை எழுத்துல குடுக்குற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று தாங்கள் சொன்னதாக அவள் சொன்னாள். எழுத்தில் தருகிறேன். என் மகள் வாய் திறக்கவில்லை. குற்றவாளி என் மில்லில் இருக்கும் உரல்.

கோடை வந்தால் ஊர்ப் பெண்கள் வறுத்த மிளகாயும் சாமானுமாக வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மோட்டாரில் உலக்கை ஏறி இறங்கும்வரை தங்கள் மசாலாவை விட்டுக் கண்ணெடுக்காமல் காவல் இருப்பது தாங்கள் அறிந்ததே. எவ்வளவு வழித்தாலும் உரலின் அடியில் ஒரு பிடி ஒட்டிக்கொள்ளும். அது மில்காரன் பங்கு. அப்பா காலத்திலிருந்து அந்தப் பிடிகளையெல்லாம் ஒரே டின்னில் கொட்டித்தான் எங்கள் வீட்டுச் சமையல். நாற்பது வீட்டு மசாலா. தீபாவளிக்கு வந்த என் மைத்துனன் ஆட்டுக்கறிக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, "மச்சான், இதைப் பாக்கெட் போட்டா கோலாப்பூர்க் கம்பெனிக்காரன் கடையைச் சாத்திருவான்" என்றான். போட்டேன். நூறு கிராம் பாக்கெட், மேலே என் மனைவியின் படம். படத்திலும் அவள் சிரிக்கவில்லை.

முதலில் நன்றாகத்தான் போனது. இந்த மாதம் தேசாயி வீட்டம்மா பாக்கெட்டோடு வந்து, "வசந்தா, இது எங்க வீட்டு மசாலா. யாரு குடுத்தா?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற தபால்காரர் மனைவி, "உங்க வீட்டுதா? எங்க மாமியார் போடுற எள்ளு அப்படியே நாக்குல நிக்குது" என்றார். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர். எல்லாருக்கும் அவரவர் வீட்டு மசாலாதான் ருசித்திருக்கிறது, எல்லாரும் அளவை வெளியே சொன்னதாக அவரவர் மருமகள்மேல்தான் பழி போட்டிருக்கிறார்கள். ஏழு மருமகள்கள் தாய்வீடு போய்விட்டார்கள்; காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை என்று கண்டக்டர் என்னைத் திட்டுகிறார். மில்லுக்கு ஒருத்தரும் வருவதில்லை. சீசன் இன்னும் மூணு வாரந்தான், உலக்கை ரெண்டும் சும்மா நிக்குது.

அதைக்கூடத் தாங்கிக்குவேன் சம்பந்தியம்மா. பொண்ணு பாக்ரி ரொட்டியைத் தட்டுல வச்சுக்கிட்டு ஒரு வாய்கூடத் திங்காம தெருவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. அதைத்தான் பார்க்க முடியல. போன வருஷம் சம்பந்தம் பேச வந்தப்ப நீங்களும் நம்ம மில்லுலதானே இடிச்சீங்க? நானே ஸ்டூல் போட்டேனே? உங்க பிடியும் அந்த டின்னுலதான் கெடக்கு. மற்றபடி தங்கள் வீட்டு அளவு எனக்கு எப்படித் தெரியும்? கிலோ சங்கேஸ்வரி மிளகாய்க்குக் கால் கிலோ வறுத்த கொப்பரை, ஒரு பிடி கல்பாசி என்று மூக்கால் ஏதோ ஊகிக்கலாமே தவிர, சத்தியமாக அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

ஆகவே பாக்கெட்டை இன்றோடு நிறுத்திவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மகளை நானே அழைத்துவருகிறேன். கதவைத் திறக்க வேண்டுகிறேன். ஜோதிபா சாமி தங்கள் குடும்பத்தையும் எருமைகளையும் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
வசந்த் சாளுங்கே

பி.கு.: தபாலில் போடும் முன் கடிதத்தை ஸ்வப்னாலிக்குப் படித்துக் காட்டினேன். "கல்பாசி ஒரு பிடி இல்லப்பா, அரைப் பிடி. கொப்பரையை வறுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்கிறாள். மேலே அதை மட்டும் திருத்திப் படித்துக்கொள்ளவும்.