ஊர் சுற்றி வந்தவள் வழிகாட்டுகிறாள்

அக்காவும் நானும் மலைமுகட்டுக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. ஆறு மாதத்தில் கிடைத்த முதல் லீவு. "நடந்துக்கிட்டே உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி, முக்கியமான விஷயம்" என்றாள். பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

'ஊர் சுற்றித் திரும்பியவர்' என்றோர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். வந்து ஐந்து மாதமாகியும் பெட்டியில் ஒட்டிய விமான நிலைய அடையாளச் சீட்டைக் கிழிக்காதவர். வீட்டுக் குழாயைத் திறந்தால்கூட ஏதோவொரு நாட்டு அருவியை நினைத்துப் பெருமூச்சு விடுபவர். நாலு பேர் சேர்ந்து நடந்தால் முதல் ஆளாக முன்னால் போகிறவர். வழி தெரியுமா? தெரியாது. அதனால் என்ன? அந்த இனத்தின் அசல் வித்து நான்.

முகட்டுப் பாதை மழையில் ஊறிக் கிடந்தது. அக்கா குடையை ஊன்றி, கல் கல்லாகப் பார்த்துக் கால் வைத்தாள். "அது வந்துடி..." என்று மூன்று முறை ஆரம்பித்தாள். ஓர் எரிமலை, ஒரு பனிப்பாறை, ஓர் ஓட்டைப் படகு என்று மூன்று முறையும் குறுக்கே விழுந்தேன்.

"அந்தப் பச்சையில கால வைக்காத. பாக்கத்தான் புல்லு மாதிரி இருக்கு."

"நாலு நாட்டுச் சேறு பார்த்தவக்கா நான்!"

ஐந்தாவது சேறு என்னைத் தொடை வரை வரவேற்றது.

அக்கா ஈரப் பாறையில் குப்புறப் படுத்துக் குடையின் பிடியை நீட்டினாள். "கெட்டியாப் புடி. வெளிய வந்ததும் கதை பேசாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"சரிக்கா. ஆனா இப்படித்தான் ஒருதடவ பாலைவனத்துல..."

குடையை அவள் விடவில்லை. கேள்வியை விட்டுவிட்டாள். ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி, பாலைவனக் கதையை அடிவாரம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

சிரிக்காதீர்கள். இதைப் படிக்கும்போதே, 'சேறுன்னா, நான் ஒருதடவ...' என்று உங்கள் நாக்கு துறுதுறுக்கவில்லையா? அப்படியென்றால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி. எதற்கும் பக்கத்தில் இருப்பவரைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். அவர் வெகுநேரமாக ஏதோ கேட்க வாயெடுத்துக்கொண்டிருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து, நான் வேறெங்கோ ஒரு ரயிலில் இருந்தபோது, அக்காவிடமிருந்து செய்தி வந்தது:

"இந்த வேலைய விட்டுட்டு நானும் வெளிநாடு போகட்டுமான்னு அன்னிக்கு உன்கிட்ட கேக்கத்தான் மலைக்கு வந்தேன். நீ பேசி முடிக்கட்டும்னு பார்த்தேன், முடிக்கல. நானே முடிவு பண்ணிட்டேன். இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சுடி."